வீட்டிலே மார்ட்டினி: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து நண்பர்கள் வீட்டு மேசைகளில் திரும்பத் திரும்ப எழுகிற கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். 21 வயது நிரம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்பது இலங்கையில் சட்டப்படி குற்றம்.

மார்ட்டினி என்றால் சரியாக என்ன?

ஜின், டிரை வெர்மூத், ஐஸ் உருகி வந்த தண்ணீர். மேலே ஒரு ஒலிவ் காய் அல்லது எலுமிச்சைத் தோல். இவ்வளவுதான். வெர்மூத் என்பது கசப்பு மூலிகைகளும் வாசனைச் சரக்குகளும் ஊறவைத்து, கொஞ்சம் மதுசாரம் சேர்த்து வலுவேற்றிய வைன். 15 முதல் 18 சதவீதம் வரை இருக்கும். டிரை என்றால் இனிப்புக் குறைவு.

கூம்பு வடிவக் கிளாஸில் ஊற்றியதெல்லாம் மார்ட்டினி என்று பெயர் எடுத்துவிட்டது. ஆப்பிள் மார்ட்டினி, சொக்லட் மார்ட்டினி என்று மெனு அட்டைகளில் பார்ப்பவை பெரும்பாலும் மார்ட்டினியின் தூரத்து உறவுகள்கூட இல்லை. சில நன்றாக இருக்கும், அவற்றைப் பற்றியும் கீழே சொல்கிறேன். சொக்லட் மட்டும் என் கணக்கில் இல்லை, அதைப் புடிங்காகவே சாப்பிட்டுவிடலாம்.

இது எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. 1884இல் அங்கே அச்சான ஒரு கொக்டெயில் கையேட்டில் மார்ட்டினெஸ் என்றொரு பானம் இருக்கிறது. இனிப்பு வெர்மூத் சேர்ந்தது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இனிப்புக் கழன்று இன்றைய மார்ட்டினி வந்தது என்பது பலர் ஏற்கும் கதை. கலிபோர்னியாவில் மார்ட்டினெஸ் என்ற ஊர், ‘எங்கள் பிள்ளைதான்’ என்று இன்னும் உரிமை கொண்டாடுகிறது.

எந்த ஜின் வாங்குவது? விலை கூடியதுதான் வேண்டுமா?

வேண்டாம். லண்டன் டிரை வகை எதுவும் போதும். 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் இதில் தண்ணீர் சேரத்தான் போகிறது.

நம் ஊரிலேயே ரொக்லண்ட் நிறுவனத்தின் கொழும்பு ஜின் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு வாசனைச் சரக்குகள் வந்துசேராமல் போக, கறுவா, இஞ்சி, கறிவேப்பிலை என்று கையில் கிடைத்தவற்றைச் சேர்த்து வடித்ததில் பிறந்த செய்முறை அது. 43 சதவீதம் அளவில் வருவதால் மார்ட்டினிக்கு நன்றாகவே நிற்கும். கறிவேப்பிலை முன்னால் வந்து முட்டாது. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய ஒரு தாளித்த வாசம் தங்கும். ஒலிவைவிட எலுமிச்சைத் தோல்தான் இந்த ஜினுக்குப் பொருத்தம்.

வெர்மூத் போத்தலை எங்கே வைப்பது? அலுமாரியில் இருந்தால் என்ன?

கெட்டுப்போகும். வெர்மூத் வைன்தான். திறந்த அன்றே காற்றுப் பட ஆரம்பித்துவிடும். கொழும்புச் சூட்டில் அலுமாரிக்குள் இரண்டு வாரம் கிடந்த வெர்மூத்தை முகர்ந்தால், வாடிய ஆப்பிளும் பழைய மரப்பெட்டியும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை வரும். பலர் ‘எனக்கு வெர்மூத் பிடிக்காது’ என்பது இப்படிப்பட்ட போத்தலைக் குடித்துவிட்டுத்தான்.

ஃப்ரிட்ஜில் வையுங்கள், இறுக மூடி. ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். 375 மில்லி போத்தல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பெரிய போத்தல்தான் கிடைத்தது என்றால், திறந்த அன்றே பாதியை ஒரு சின்னப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் அந்தப் பாதி அதிக நாள் தாங்கும்.

கொழும்பில் டிரை வெர்மூத் கிடைப்பது ஒரு நாளுக்கு ஒரு மாதிரி. பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளின் மதுப் பிரிவில் பாருங்கள். இல்லாவிட்டால் கட்டுநாயக்கவில் வந்திறங்கும் சொந்தக்காரரிடம் சொல்லி வையுங்கள். இரண்டு போத்தல் விஸ்கிக்குப் பதில் ஒரு வெர்மூத் என்றால் மாமா முகம் சுளிப்பார், ஆனாலும் கேளுங்கள். போயா நாளில் கடை பூட்டு என்பதையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸில் அப்படி என்ன இருக்கிறது?

கிட்டத்தட்ட எல்லாமே அதில்தான் இருக்கிறது. கிளாஸில் உள்ள மார்ட்டினியில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஐஸ் உருகிய தண்ணீர். அந்தத் தண்ணீரில் மணம் இருந்தால் பானத்திலும் இருக்கும்.

முதலில் மணம். நம் வீட்டு ஃப்ரீசரில் மீன் இருக்கும், மாசி இருக்கும், அம்மா அரைத்து வைத்த ஏதாவது இருக்கும். திறந்த தட்டில் நாலு நாள் இருந்த ஐஸ் அத்தனையையும் இழுத்துக்கொள்ளும். பைப் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, மூடியுள்ள தட்டில் ஊற்றி, உறைந்ததும் பைக்குள் கட்டி வையுங்கள். ஒரு கட்டியை வாயில் போட்டுப் பாருங்கள். வெறும் குளிர் மட்டும் தெரிந்தால் சரி.

அடுத்தது ஈரம். 30 பாகைச் சூட்டில் ஐஸ் வெளியே வந்த அடுத்த நிமிடமே வியர்க்கத் தொடங்கும். மேலே ஒட்டிய அந்தத் தண்ணீர் பானத்தைக் குளிரவைக்காது, நீர்க்க மட்டும் வைக்கும். கலக்கும் பாத்திரத்தில் ஐஸைப் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டுப் பிறகு ஜினை ஊற்றுங்கள். குளிர் நாட்டுச் செய்முறைகளில் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை.

1 கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது ஜினிலிருந்துதான் எடுக்கிறது. ஆகவே உருகாமல் குளிர்வதும் இல்லை, குளிராமல் உருகுவதும் இல்லை. மதுசாரம் சேர்ந்த கலவை பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கும், அதனால்தான் ஐஸ் தண்ணீரைவிட மார்ட்டினி பல்லில் அதிகம் கூசுகிறது.

ஜினையே ஃப்ரீசரில் வைத்தால் வேலை சுலபமில்லையா?

கலக்கிச் செய்வதானால் வேண்டாம். உறைநிலை ஜினில் ஐஸ் உருகாது, தண்ணீர் சேராது, குடித்தால் நெஞ்சு எரியும். கிளாஸை ஃப்ரீசரில் வையுங்கள், ஜின் வெளியே இருக்கட்டும். ஃப்ரீசர் ஜினுக்கு வேறு வழி உண்டு, விருந்தாளிகள் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

கலக்குவதா, குலுக்குவதா?

ஜினும் வெர்மூத்தும் மட்டும் என்றால் கலக்குவது. குலுக்கினால் காற்றுக் குமிழியும் ஐஸ் சிதறலும் சேர்ந்து கலங்கலாக வரும், கூடுதலாக நீர்த்தும் போகும். அது குற்றம் இல்லை. மிகக் குளிராக, மெலிதாகக் குடிக்க விரும்புகிறவர் குலுக்கிக்கொள்ளட்டும். குலுக்கினால் ஜின் ‘காயப்படும்’ என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம்.

பழச்சாறு, கோப்பி, பாணி சேர்ந்தால் கட்டாயம் குலுக்க வேண்டும். அவை கரண்டிக்கு மசியாது.

சரி, ஒரு கிளாஸ் எப்படிச் செய்வது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.

சின்ன வைன் கிளாஸ் ஒன்றை அரை மணிநேரம் முன்னதாக ஃப்ரீசரில் வையுங்கள். கூம்புக் கிளாஸ் இல்லையே என்று கவலை வேண்டாம். அது பெரியது, பானம் அதற்குள் பாதிக்கும் வராது, நம் சூட்டில் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும்.

ஜாம் போத்தலோ கண்ணாடிக் குவளையோ எடுத்து, முக்கால் பங்கு ஐஸ் போட்டு, சொன்னபடி வடியுங்கள். ஜின் 60 மில்லி, வெர்மூத் 12 மில்லி ஊற்றுங்கள். அளவுக் கிண்ணம் இல்லாவிட்டால் இருமல் மருந்தோடு வரும் மூடிக் கிண்ணம் போதும், கோடு தெளிவாக இருக்கும். நீளக் கரண்டியின் முதுகு குவளைச் சுவரைத் தொட்டபடி 30 விநாடி சுற்றுங்கள். முதலில் ஐஸ் கடகடவென்று முட்டும். அப்புறம் சத்தம் அடங்கி எல்லாம் ஒன்றாக வழுக்கிக்கொண்டு சுற்றும். குவளையின் வெளிப்பக்கம் விரல் ஒட்டுகிற அளவுக்குக் குளிர்ந்தால் நிறுத்தலாம். தேயிலை வடியால் வடித்து ஊற்றுங்கள்.

அளவு சரியா என்று பார்க்க ஆசைப்பட்டால் அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய 72 மில்லி, வடித்தபின் 95 முதல் 100 வரை வந்திருக்க வேண்டும். குறைந்தால் இன்னும் கொஞ்சம் கலக்கியிருக்கலாம். கூடினால் ஐஸ் ஈரமாக இருந்திருக்கிறது.

கடைசியில் தோல். உருளைக்கிழங்கு சீவும் கத்தியால் எலுமிச்சையின் மஞ்சள் தோலை வெள்ளை ஒட்டாமல் ஒரு நாடாவாகச் சீவுங்கள். வெளிப்புறம் கிளாஸைப் பார்க்க, இரு முனையையும் பிடித்து மடக்கி அமத்துங்கள். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பானத்தின் மேல் நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகள் விழுந்து பரவுவது தெரியும். முதல் வாசனை அதுதான்.

மஞ்சள் எலுமிச்சை விலை. தேசிக்காய் போடலாமா?

தோல் மட்டும் என்றால் போடலாம், சாறு வேண்டாம். தேசிக்காய்த் தோல் கூர்மையானது, கசப்பும் உண்டு, ஆகவே நகமளவு போதும், பிழிந்தபின் உள்ளே போடாமல் எறிந்துவிடுங்கள். தோடம்பழத் தோல் இன்னும் நன்று. வெர்மூத் கூடிய கலவைகளுக்கு அதையே நான் முதலில் எடுப்பேன்.

டிரை, வெட், பெர்ஃபெக்ட், ஃபிஃப்டி ஃபிஃப்டி: இவற்றில் என்ன வித்தியாசம்?

வெர்மூத் அளவுதான். வெர்மூத் 1 பங்குக்கு ஜின் 6 பங்குக்கு மேல் போனால் டிரை, 3 பங்குக்கு இறங்கினால் வெட், சரிபாதி என்றால் ஃபிஃப்டி ஃபிஃப்டி. பெர்ஃபெக்ட் என்றால் வெர்மூத் பங்கில் பாதி டிரை, பாதி இனிப்பு.

வெர்மூத் போத்தலை ஜினுக்குக் காட்டினாலே போதும் என்று வீரம் பேசுவோர் உண்டு. அது குளிர்ந்த ஜின், அவ்வளவுதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஃபிஃப்டி ஃபிஃப்டி: 45 மில்லி, 45 மில்லி. மெதுவானது, மணமானது. வெர்மூத் புதிதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

டர்ட்டி மார்ட்டினிக்கு ஒலிவ் இல்லை. வெரளிக்காய் சரிவருமா?

வரும், ஆனால் காலிமுகத்திடலில் விற்கிற அச்சாறு அல்ல. அதில் மிளகாய்த்தூளும் சீனியும் இருக்கும்.

டர்ட்டி என்பது ஒலிவ் ஊறிய உப்புத் தண்ணீர் 10 மில்லி அளவில் சேர்த்த மார்ட்டினி. வெரளிக்காயைக் கழுவி, லேசாக அவித்து, லீற்றருக்கு 50 கிராம் உப்புப் போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரில் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். பார்வைக்கு ஒலிவ் மாதிரியே இருந்தாலும் இரண்டும் வேறு வேறு குடும்பம். ஒலிவின் எண்ணெய்ப்பசை இதில் இல்லை, புளிப்பு அதிகம், சதை மாவாக இருக்கும். அதனால் ஊறல் தண்ணீர் 5 மில்லியில் தொடங்குங்கள். வொட்காவைவிட ஜினுக்கே சேர்கிறது. ஒலிவ் போட்டதற்கு இது ஈடு என்று சொல்லமாட்டேன். தனியாக ஒரு சுவை.

கிப்சன்?

ஒலிவுக்குப் பதில் ஊறுகாய் வெங்காயம் போட்டால் கிப்சன். இந்த ஒன்றில் நமக்கு வெளிநாட்டுச் சரக்கே தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தில் மிகச் சிறியவையாகப் பொறுக்கி உரியுங்கள். தென்னை வினாகிரியும் தண்ணீரும் சமபங்கு, ஒரு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ஐந்தாறு மிளகு சேர்த்துக் கொதிக்கவைத்துச் சூட்டோடு ஊற்றி, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில். வெங்காயத்தின் நிறம் வினாகிரிக்கு இறங்கி இளஞ்சிவப்பாகும். போடுமுன் துணியில் ஒற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் பானத்தில் வினாகிரி தூக்கலாகத் தெரியும். மேலைநாட்டு வெள்ளை வெங்காயத்தைவிட இது காரம் கூடியது, மொறுமொறுப்பும் கூட. என் வீட்டில் அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

சாராயத்தில் மார்ட்டினி செய்யலாமா?

மரப்பீப்பாயில் முதிர்ந்த, பழுப்பு நிறத் தென்னஞ்சாராயத்தில் டிரை வெர்மூத் ஒத்துவராது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். இனிப்பு வெர்மூத் ஊற்றுங்கள், 2க்கு 1, தோடம்பழத் தோலோடு. நல்ல பானம், ஆனால் அது விஸ்கியும் இனிப்பு வெர்மூத்தும் சேர்ந்த மன்ஹாட்டன் என்ற கொக்டெயிலின் பக்கத்து ஆள்.

பனஞ்சாராயம் வேறு கதை. கள்ளின் புளித்த மணம் அதில் துணிச்சலாக நிற்கும். பிடித்தவர்கள் ஜின் 50, பனஞ்சாராயம் 10, வெர்மூத் 15 என்று சேர்த்துப் பாருங்கள். அந்தப் பத்து மில்லியே போதும் என்பது குடித்ததும் விளங்கும். கசிப்பு பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

வொட்கா மார்ட்டினி?

செய்யலாம். வொட்காவுக்குச் சொந்த மணம் குறைவு, அதனால் வெர்மூத்தும் தோலும்தான் பேசும். ஜின், வொட்கா இரண்டும் சேர்ந்தது வெஸ்பர். 1953இல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலில் பிறந்தது. அதன் மூலச் செய்முறையில் ஜினும் வொட்காவும் 3க்கு 1. ஒரே கிளாஸில் அவ்வளவு ஊற்றுவது நாவலுக்குச் சரி.

எஸ்பிரெசோ மார்ட்டினிக்கு மெஷின் இல்லை. யாழ்ப்பாணக் கோப்பித்தூளில் செய்யலாமா?

செய்யலாம், நன்றாகவும் இருக்கும். 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார்மன் உருவாக்கிய பானம் இது: வொட்கா, கோப்பி லிக்கர், எஸ்பிரெசோ, கொஞ்சம் சீனி.

மல்லி, மிளகு, இஞ்சி சேர்த்து இடித்த தூளை வழமையைவிட இரண்டு மடங்கு போட்டுக் கடுங்கோப்பி வடியுங்கள். துணியில் இரண்டு தரம் வடித்தால் மண்டி வராது. கொஞ்சம் ஆறியதும் கோப்பி 40 மில்லி, வொட்கா 45, கித்துல் பாணி 10 முதல் 15, ஐஸ் நிறைய, மூடி இறுகிய போத்தலில் கை மரக்கும்வரை குலுக்குங்கள். மெஷின் கோப்பியின் தடித்த நுரை இதில் வராது, மெல்லிய படலம்தான். மிளகு அதை ஈடுசெய்துவிடும். இரவு பத்து மணிக்குப் பிறகு வேண்டாம், தூக்கம் போய்விடும்.

கொடித்தோடையில்?

ஒரு பழத்தின் சதை, வொட்கா 50, தேசிக்காய்ச் சாறு 10, சீனிப்பாகு 15, இரண்டு துளி வனிலா. குலுக்கி வடியுங்கள். லண்டனில் கொடித்தோடையோடு வனிலா சேர்த்துப் புகழ்பெற்ற மார்ட்டினியின் எளிய வடிவம் இது. பழம் சுருங்கியிருந்தால் இனிப்பு, வழுவழுப்பாக இருந்தால் புளிப்பு. பாகை அதற்கேற்ப மாற்றுங்கள்.

தேயிலை?

நுவரெலியாத் தேயிலை ஒரு மேசைக்கரண்டி, ஜின் 250 மில்லி, வெளியிலேயே ஒன்றரை மணிநேரம், உடனே வடித்துவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்புத்தான் மிஞ்சும். வெட் அளவில் கலக்குங்கள்.

நாலைந்து வகையை ஒரே மாலையில் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

முழுக் கிளாஸ்களாக அல்ல. ஆளுக்கு 20 மில்லி, சின்னக் கிளாஸ்களில். நாலு வகை குடித்தாலும் ஒரு மார்ட்டினிதான்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜினையும் வெர்மூத்தையும் தோலையும் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் மாலைக்கு ஒரே ஜின், ஒரே வெர்மூத், மூன்று அளவுகள். அடுத்த மாலைக்கு ஒரே அளவு, தோல் வகைகள். டிரை முதலில், உப்பு அதற்கடுத்து, இனிப்புக் கடைசி. உப்புத் தண்ணீர் ஊற்றியதைக் குடித்துவிட்டு டிரைக்குத் திரும்பினால் அது வெறும் தண்ணீராகத் தெரியும்.

முதல் மிடறை ஊற்றியவுடன் குடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. குளிர் மறைத்து வைத்ததெல்லாம் அப்போது வெளியே வரும்: கறுவா, கசப்பு, சில சமயம் வெர்மூத்தின் பழைய வாடை. சுவர்க்காற்றாடியை நிறுத்துங்கள், வாசனையை அள்ளிக்கொண்டு போய்விடும். வேர்த்தால் ஏசி.

பைட் என்ன வைப்பது?

டெவல் வகைகளைச் சுவைத்து முடியும்வரை குசினியிலேயே வையுங்கள். மிளகாய் எரிவும் மதுசார எரிவும் சேர்ந்தால் நாக்குக்கு வேறொன்றும் எட்டாது. உப்புக் கஜு, காரமில்லாத முறுக்கு, கிறீம் கிறாக்கர் போதும். முடிந்தபிறகு கணவாய் டெவல் தாராளமாக வரலாம்.

மச்சான்மார் எட்டுப் பேர் வருகிறார்கள். ஒவ்வொன்றாகக் கலக்கிக்கொண்டே நிற்பதா?

முதல்நாளே போத்தலில் செய்து வையுங்கள். ஜின் 450 மில்லி, வெர்மூத் 90, கொதித்து ஆறிய தண்ணீர் 90, ஒரு 750 மில்லி வெறும் போத்தலில் ஊற்றிக் குலுக்கி ஃப்ரீசரில். ஐஸ் உருகித் தரும் தண்ணீரில் பாதியளவை நீங்களே ஊற்றிவிட்டீர்கள், அதனால் நேரே கிளாஸுக்கு வார்க்கலாம். சற்றுத் தடித்துப்போய் எண்ணெய் மாதிரி விழும், அது நல்ல அறிகுறி. குழைந்து உறைந்திருந்தால் ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள்.

ஒரு கிளாஸ் எவ்வளவு வலு?

43 சதவீத ஜின் 60 மில்லியில் சுத்த மதுசாரம் 26 மில்லி, வெர்மூத்தில் 2. மொத்தம் 28. 4.8 சதவீத லயன் லாகர் பெரிய போத்தல், 625 மில்லி, 30 மில்லி தரும். அந்தப் போத்தலை ஒரு மணிநேரம் வைத்துக் குடிப்பீர்கள். மார்ட்டினி பத்து நிமிடத்தில் போய்விடும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர், இரண்டோடு நிறுத்தம். கார் வீட்டில் இருக்கட்டும், பிக்மீ பிடியுங்கள்.

குடிக்காத அக்காவுக்கு என்ன கொடுப்பது?

மார்ட்டினியின் நகல் வேண்டாம், அது ஏமாற்றம்தான். ஒரு தேக்கரண்டி மல்லி விதையை இடித்து, வெள்ளரிக்காய்த் தோலோடு கொதிநீரில் பத்து நிமிடம் மூடி வைத்து வடித்து நன்றாகக் குளிரவிடுங்கள். வெரளிக்காய் ஊறல் ஒரு தேக்கரண்டி, தேசிக்காய்த் தோல், ஃப்ரீசர் கிளாஸ். புளிப்பும் உப்புமாக மதிய வெயிலுக்கும் நன்றாக இருக்கும்.

மிஞ்சிய வெர்மூத்தை எறிவதா?

இரண்டு மாதம் தாண்டினால் மார்ட்டினிக்கு வேண்டாம், சட்டிக்குக் கொடுங்கள். இறாலை உள்ளியும் மிளகும் போட்டு வதக்கும்போது கால் கப் ஊற்றி, வற்றியதும் இறக்கி, தேசிக்காய் பிழிந்தால் பாணுக்கு நல்ல கறி.